ஆத்தூர்க்காரர்கள் வரும்வரை ஆராதனை

ஆராதனையில் நேரம் எப்படிப் போகிறது என்பது நாம் எங்கே இருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. பெஞ்சில் உட்கார்ந்திருப்பவருக்குப் பிரசங்கம் முடிவதில்லை. மேடையில் நிற்பவருக்கு, அதுவும் சொல்ல ஒன்றுமே இல்லாமல் நிற்பவருக்கு, கடிகாரம் நகர்வதில்லை. இரண்டு இடத்திலும் இருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பெஞ்சே மேல். (பெஞ்சில் தூங்கவாவது செய்யலாம்.)

எங்கள் கோயில் வெண்ணந்தூரை ஒட்டி இருக்கிறது. தேவாலயம் என்று போர்டில் எழுதியிருந்தாலும் எங்கள் வாயில் அது கோயில்தான். சபையில் பாதிப்பேர் விசைத்தறி ஓட்டுகிறவர்கள், பாதிப்பேர் கோழிப்பண்ணை வைத்திருப்பவர்கள், மீதிப்பேர் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிக்காரர்கள். (கணக்கு இடிக்கிறது என்று தெரியும். நான் தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்த்தவன்தான்.) ஞாயிற்றுக்கிழமை ஆராதனை ஒன்பது மணிக்குத் தொடங்கும். எப்போது முடியும் என்பது அதை நடத்தும் எங்கள் ஆயருக்கே தெரியாது. தங்கமான மனிதர். ஆனால் "கடைசியாக ஒன்று" என்று அவர் சொன்னால் இன்னும் நான்கு பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். பதினொன்றரைக்கு முன்னால் நாங்கள் வெளியே வந்ததாக எனக்கு நினைவில்லை.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் வேலை. எங்கள் அலுவலகத்து மேலாளர் கூட்டங்களை நின்றுகொண்டே நடத்துவார். கால் வலித்தால் பேச்சு தானாகக் குறையும் என்பது அவர் சித்தாந்தம். அந்தக் கிறுக்கு எனக்கும் தொற்றிக்கொண்டது. அந்த வருடம் சபைக் கூட்டத்தில் நான் எழுந்து, ஆராதனை ஒரு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும் என்று பேசினேன். பேசினேன் என்றால் சும்மா இல்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்து, ஏதோ பட்ஜெட் தாக்கல் செய்கிறவன் மாதிரி பேசினேன். கோழிப்பண்ணை எஸ்தர் அத்தை மட்டும் தலையாட்டினார். வெயில் காலத்தில் கோழிக்குத் தண்ணீர் பார்க்க வேண்டும் என்ற கவலை அவருக்கு.

ஆயர் கோபப்படவில்லை. சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து நான் பயந்திருக்க வேண்டும். அடுத்த மாதம் ஒரு ஞாயிறு அவர் தம்மம்பட்டிப் பக்கத்துக் கிளைச் சபைக்குப் போக வேண்டியிருந்தது. அன்றைக்கு இங்கே ஆராதனையை நானே நடத்த வேண்டும் என்றார். "ஒரு மணி நேரத்துல நடத்திக் காட்டுங்க தம்பி. நானும் கத்துக்கறேன்."

இது ஒரு பக்கம் இருக்க, இன்னொரு பக்கம் அம்மா எனக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தார். இரண்டு வருடமாகத் தேடியும் எதுவும் அமையவில்லை. கடைசியாக ஆத்தூரிலிருந்து ஒரு வரன் வந்தது. பெண் பெயர் ஹெலன், பள்ளிக்கூட ஆசிரியை. அப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். புகைப்படம் அம்மாவின் கைப்பேசிக்கு வந்தது. அந்த வாரம் முழுக்க அம்மாவின் கைப்பேசிக்கு நானே சார்ஜ் போட்டேன். வேளைக்கு ஒரு தடவை போட்டேன். மறைக்க என்ன இருக்கிறது, எனக்கு அந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண்ணையோ பையனையோ முதலில் கோயிலில் வைத்துப் பார்த்துக்கொள்வார்கள். ஆராதனைக்கு வந்த மாதிரி வந்து உட்கார வேண்டியது. பிடித்தால் முடிந்ததும் நின்று பேசலாம், பிடிக்காவிட்டால் காணிக்கை போட்டுவிட்டுப் போய்விடலாம், யாருக்கும் சங்கடம் இல்லை. வீட்டுக்கு வந்துவிட்டால் பேச்சே வேறு, பாதி நிச்சயம் ஆன மாதிரி. தலைமையாசிரியர் இதில் கறார். மகள் சரி என்று சொல்லும் வரை மாப்பிள்ளை வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். நான் ஆராதனை நடத்த வேண்டிய ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு சேலத்தில் ஒரு வங்கி அதிகாரியைப் பார்க்கப் போகிறார்கள் என்றும் தரகர் அம்மாவிடம் சொல்லியிருந்தார். (பெண்ணின் புகைப்படம் அங்கேயும் போயிருக்கும் என்று நினைத்தபோது அந்த வங்கியின் மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது.)

அம்மா பெருமையாக ஒரு காரியம் செய்தார். என் பையன் பிரசங்கம் செய்கிற ஞாயிறே வாருங்கள் என்று அவர்களைக் கூப்பிட்டுவிட்டார். அவர்களும் ஒத்துக்கொண்டார்கள். அவர்கள் ஊரில் விடியற்கால ஆராதனை எட்டு மணிக்கு முடிந்துவிடும், முடிந்ததும் புறப்பட்டால் ஒன்பதரைக்குள் எங்கள் கோயிலுக்கு வந்துவிடலாம், பிரசங்கத்தைக் கேட்டுவிட்டுப் பேசலாம் என்று ஏற்பாடு.

ஞாயிறு வந்தது. நான் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் மேடையேறினேன். பிரசங்கத் தலைப்பு: நேரத்தின் அருமை. வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று பழகியபோது இருபத்தைந்து நிமிடம் வந்தது. ஆனால் கண்ணாடிக்கு முன்னால் நூறு பேர் உட்கார்ந்திருக்கவில்லை. பயத்தில் வாய் ஓட ஆரம்பித்தது. பாட்டுகளில் முதல் சரணம் மட்டும், ஜெபம் சுருக்கமாக, பிரசங்கம் ரயில் வேகத்தில். நிமிர்ந்து பார்த்தால் மணி ஒன்பதரை. கையில் இருந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது. காணிக்கை எடுக்க வேண்டியதுதான் பாக்கி.

சபைக்குப் பயங்கர சந்தோஷம். ரிக் வண்டி ஜெயராஜ் அண்ணன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். எஸ்தர் அத்தை கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். நான் மட்டும் கடைசி பெஞ்சைப் பார்த்தேன். காலியாக இருந்தது.

அப்போது பக்கவாசல் வழியாக என் தாய்மாமன் அருள் மேடைக்கு ஏறி வந்தார். ஆத்தூர்க்காரர்களோடு கைப்பேசியில் பேசும் பொறுப்பு அவருடையது. என் தோளைப் பிடித்துக் காதோடு காதாகச் சொன்னார். "மாப்ள, அவங்க இன்னும் கெளம்பவே இல்லியாம். அங்க வெளியூர்ப் போதகர் ஒருத்தரு வந்து பேசிக்கிட்டே இருக்கறாராம், ஆராதனை முடியலியாம். அவங்க வர்ற வரைக்கும் இழு. கூட்டத்தக் கலைச்சுட்டீன்னா பொண்ணு போச்சு."

சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். ஆத்தூரிலிருந்து வர ஒன்றரை மணி நேரம். அவர்கள் இன்னும் கிளம்பவே இல்லை. ஒரு மணி நேரத்தில் முடித்துக் காட்டுகிறேன் என்று ஊருக்கே சொல்லிவிட்டு நிற்கிறேன். முடித்தால் ஹெலன் வங்கி அதிகாரிக்கு. முடிக்காவிட்டால் இந்த நூறு பேர் என்னை உரித்துவிடுவார்கள்.

மைக்கைப் பிடித்துக்கொண்டேன். "பிரியமானவர்களே," என்றேன், "இன்னும் சில காரியங்களைப் பேசும்படி ஆவியானவர் என்னை ஏவுகிறார்." முன்வரிசையில் இரண்டு பேர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒருவருக்குத் தோள் குலுங்கியது. என் வார்த்தை அவர்களைத் தொட்டு அழவைத்துவிட்டது என்று நினைத்தேன்.

நேரத்தின் அருமையை மறுபடி முதலிலிருந்து சொன்னேன். நேரத்தை வீணாக்குகிறவர்களின் கதி என்ன என்று நிதானமாக விளக்கினேன். எங்கள் அலுவலகத்தில் கணக்குத் தாக்கல் செய்யும் கடைசி நாளில் இணையதளம் எப்படிச் சுற்றிக்கொண்டே நிற்கும் என்று சொன்னேன். அதில் ஒரு ஆவிக்குரிய பாடம் இருக்கிறது என்று அறிவித்துவிட்டு, அது என்ன பாடம் என்று தெரியாமல் தண்ணீர் குடித்தேன். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வெளியே ஒரு வண்டிச் சத்தம் கேட்டது, என் உயிர் வாசலுக்கு ஓடியது. கோழித்தீவன வண்டி. போய்விட்டது.

அம்மா இரண்டாம் வரிசையில் கண்ணை மூடி உதடு அசைய ஜெபித்துக்கொண்டிருந்தார். எனக்காக இருக்காது. அந்த வெளியூர்ப் போதகர் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்றுதான் இருக்கும்.

ஒரு கீர்த்தனையைச் சொல்லி எல்லாச் சரணமும் பாடுவோம் என்றேன். பாடகர் குழு வழக்கமாக ஓட்டமாய் ஓடுகிற கீர்த்தனை அது. அன்றைக்கு ஏனோ அதை மாட்டு வண்டி வேகத்தில் இழுத்துப் பாடினார்கள். முடிந்ததும் கேட்காமலே பல்லவியை மறுபடி எடுத்தார்கள். அதுவும் தீர்ந்தது. மாமா வாசலில் நின்று கையை அசைத்தார். இன்னும் வழியில் இருக்கிற நாமகிரிப்பேட்டையைக்கூடத் தாண்டவில்லை என்று அதற்கு அர்த்தம் செய்துகொண்டேன்.

கடைசி ஆயுதமாக, சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் வரலாம் என்றேன். ஆண்டவர் தங்களுக்குச் செய்ததை எழுந்து நின்று சொல்வதுதான் சாட்சி. எங்கள் சபையில் ஆயர் எவ்வளவு கெஞ்சினாலும் ஒருவர் வாய் திறக்க மாட்டார். எல்லோரும் செருப்பைத் தேடுவார்கள். அன்றைக்கு ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் எழுந்து வரிசையில் நின்றார்கள்.

முதலில் ஜெயராஜ் அண்ணன். வடக்கே எங்கோ காட்டுக்குள் ஆழ்துளைப் போர் போடப் போன கதை. நூறு அடியில் பாறை, இருநூறு அடியில் பாறை, முந்நூறு அடியில் செம்மண் மாதிரி ஒன்று வந்து ஏமாற்றியது. ஐம்பது அடிக்கு ஒருமுறை நிறுத்தி, அங்கே என்ன வந்தது, அவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று சொன்னார். நாங்கள் எல்லோரும் அவரோடு கூடவே பூமிக்குள் இறங்கினோம். எழுநூறு அடியில் தண்ணீர் வந்தது என்று சொல்லி முடிப்பார் என்று நினைத்தேன். "அங்கயும் தண்ணி இல்லீங்க, ஆனா ஆண்டவர் கைவிடல, அடுத்த போருக்குப் போனோம்" என்று அடுத்த போரை நூறு அடியிலிருந்து தொடங்கினார்.

பிறகு எஸ்தர் அத்தை. கோழிக்குத் தண்ணீர் பார்க்க வேண்டும் என்று தலையாட்டிய அதே அத்தை. தன் பண்ணையில் ஒவ்வொரு கொட்டகையிலும் எந்த வருடம் எந்த நோய் வந்து எப்படி விலகியது என்று கண்ணீரோடு சொன்னார். சொல்லும்போது நடுநடுவே வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

இப்போது நான் என்ன நினைத்தேன் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். என் பிரசங்கத்தால் சபையில் எழுப்புதல், அதாவது ஒரு பக்தி அலை, வந்துவிட்டது என்று நினைத்தேன். நேரத்தைப் பற்றி முணுமுணுக்கிற ஜனம் ஒருவரும் எழுந்து போகவில்லையே. பயத்துக்கு நடுவில் லேசாகக் கர்வம்கூட வந்தது. ஒருவேளை வேலையை விட்டுவிட்டு சபை ஊழியத்துக்கே வந்துவிடலாமோ என்று ஒரு கணம் யோசித்தேன்.

அந்தக் கர்வம் கொஞ்ச நேரம்தான் நின்றது. தம்மம்பட்டியில் ஆராதனையை முடித்துவிட்டு எங்கள் ஆயரே திரும்பி வந்துவிட்டார். ஹெல்மெட்டைக் கழற்றியபடி வாசலில் நின்று, உள்ளே இன்னும் கூட்டம் இருப்பதைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சத்தமில்லாமல் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, ரொம்பக் கவனமாகக் கேட்க ஆரம்பித்தார். கத்துக்கறேன் என்று சொன்னவர் அல்லவா.

சாட்சிகளும் தீர்ந்தன. மணி பன்னிரண்டை நெருங்கியது. எனக்கு மிச்சம் இருந்தது ஜெபம் ஒன்றுதான். கண்ணை மூடி, தேசங்களுக்காக ஜெபிக்கத் தொடங்கினேன். முதலில் நம் நாடு, பிறகு பக்கத்து நாடுகள், பிறகு பள்ளிக்கூடத்துப் பூகோளப் பாடத்தில் மனப்பாடம் செய்த நாடுகள் எல்லாம். சில நாடுகள் இப்போது இருக்கின்றனவா என்றுகூடத் தெரியாது. தலைநகரங்களையும் சேர்த்துக்கொண்டேன். குரல் உடைந்துவிட்டது. இனி முடியாது, போகட்டும், வங்கி அதிகாரியே நன்றாக இருக்கட்டும் என்று மனதுக்குள் அழுதுகொண்டே, தென் அமெரிக்காவுக்குள் நுழைந்தேன்.

அப்போது முதல் வரிசையிலிருந்து தேவசகாயம் பெரியவரின் குரல் கேட்டது. சபையில் மூத்தவர் அவர். பெரியவர் சின்னவர் எல்லாரையும் சாமி என்றுதான் கூப்பிடுவார். சத்தம் போடாமல், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார்.

"வந்துட்டாங்க சாமி, முடிச்சுக்க."

கண்ணைத் திறந்தேன். சபை மொத்தமும் எனக்கு முதுகைக் காட்டி வாசல் பக்கம் திரும்பியிருந்தது. வாசலில் தலைமையாசிரியரும் அவர் மனைவியும், நடுவில் பச்சைச் சேலையில் ஹெலனும் நின்றிருந்தார்கள். எஸ்தர் அத்தை நகர்ந்து இடம் விட்டு, பெஞ்சைத் தன் முந்தானையால் துடைத்தார். ஜெயராஜ் அண்ணன் மறுபடி எனக்குக் கட்டைவிரல் காட்டினார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மாமா என் காதில் ரகசியம் சொன்னபோது என் தாடைக்குக் கீழே மைக் இருந்தது. பயத்தில் எனக்குச் செய்தி மட்டும் கேட்டது, அது ஸ்பீக்கரில் போனது கேட்கவில்லை. இழு, பொண்ணு போச்சு, எல்லாம் உள்ளே நூறு பேருக்கும் தெளிவாகக் கேட்டிருக்கிறது. அழுதார்கள் என்று நான் நினைத்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். எழுப்புதல் என்று நினைத்ததெல்லாம் எனக்காக நேரத்தை ஓட்டியது. ஆயர் எழுந்து முன்னால் வந்து ஒரே வாக்கியத்தில் ஆசீர்வாதம் சொல்லி ஆராதனையை முடித்து வைத்தார்.

வெளியே வந்ததும் தலைமையாசிரியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். வாத்தியார் முன்னால் வீட்டுப்பாடம் செய்யாமல் நிற்கிற மாதிரி நின்றேன்.

"எங்களுக்காகத்தான் இவ்ளோ நேரம் நடத்தினீங்களா?" என்றார்.

யார் சொன்னது என்று கேட்டேன். முக்கில் இருக்கிற டீக்கடையில் வழி கேட்டார்களாம். கோயிலின் குழாய் ஸ்பீக்கர் ஒன்று அந்தக் கடையைப் பார்த்துக் கட்டியிருக்கிறது என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. டீக்கடைக்காரர் எங்கள் கோயிலுக்குள் ஒரு நாளும் வராத கவுண்டர். அவர் சொன்னதைத் தலைமையாசிரியர் அப்படியே சொல்லிக் காட்டினார். "பொண்ணு ஊட்டுக்காரங்களா? வெசையாப் போங்க. பையன் பேச ஒண்ணுமில்லாம ரொம்ப நேரமாத் தவிக்கறானுங்க."

ஆமாங்க, உங்களுக்காகத்தான் என்று ஒத்துக்கொண்டேன். வேறு என்ன சொல்ல? அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆராதனையை இதற்கெல்லாம் இழுப்பது சரியில்லை என்றார். பிறகு, எங்கள் போதகர் எதற்காக இழுத்தார் என்று எங்களுக்கும் தெரியவில்லை என்றார். ஹெலனோடு ஐந்து நிமிடம் பேசிக்கொள்ளும்படி சொல்லிவிட்டு அம்மா பக்கம் போய்விட்டார்.

கோயில் மணிக்கூண்டு ஓரமாக நின்றோம். அவள்தான் பேசினாள். தங்கள் கோயிலில் பாதியிலேயே எழுந்து வந்துவிடலாம் என்று அப்பா சொன்னாராம். ஆசீர்வாதம் வாங்காமல் எழுந்திருக்க மாட்டேன் என்று பிடிவாதமாக உட்கார்ந்திருந்தவள் இவள்தானாம். மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஒரு மணி நேரத்துல முடிக்கணும்னு கூட்டத்துல பேசினது நீங்கதானாமே? உள்ள ஒரு அம்மா சொன்னாங்க."

எஸ்தர் அத்தை. பெஞ்சில் உட்காரவைத்து அரை நிமிடம் ஆவதற்குள். ஆமாங்க என்றேன்.

"மிச்ச நேரத்துல என்ன பண்ணுவீங்க?"

அதுவரை யாரும் கேட்காத கேள்வி. ஆயர்கூடக் கேட்கவில்லை. ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பேன், நோயாளிகளைப் பார்ப்பேன் என்று நல்ல நல்ல பதில்கள் தலைக்குள் வரிசையில் நின்றன. ஆனால் காலையிலிருந்து அளந்து அளந்து எனக்கு அலுத்துப்போயிருந்தது.

"தூங்குவேனுங்க" என்றேன்.

அவள் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொள்ளாமல் சிரித்தாள். தூரத்தில் நின்ற தலைமையாசிரியர் திரும்பிப் பார்த்தார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்று சாயங்காலமே அவர்கள் எங்கள் வீட்டு வாசலை மிதித்தார்கள். வங்கி அதிகாரி யார், இப்போது எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. நன்றாக இருக்கட்டும்.

எஸ்தர் அத்தை அன்று வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயிலில் கோழிகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றனவாம். இதை எங்கள் கல்யாணப் பந்தியில்தான் என்னிடம் சொன்னார், அதுவும் சிரித்துக்கொண்டே. நேரம் போகிறது, நேரம் போகிறது என்று யாருக்காக நான் கூட்டத்தில் சண்டை போட்டேனோ, அவர்களேதான் ஒரு காலைப்பொழுது முழுவதையும் எனக்காக உட்கார்ந்து கொடுத்தார்கள். அதற்குப் பிறகு ஆராதனை நேரத்தைப் பற்றி நான் வாய் திறப்பதில்லை. கூட்டத்தில் புதிதாக யாராவது வாலிபப் பையன் அந்தப் பேச்சை எடுத்தால், எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். நான் கூரையைப் பார்ப்பேன்.

வீட்டில் கதையே வேறு. பிள்ளைகளுக்கு நான் ஏதாவது அறிவுரை சொல்லத் தொடங்கி அது நீண்டால், உள்ளே இருந்து ஹெலனின் குரல் வரும். "வந்துட்டாங்க, முடிச்சுக்கங்க." யார் வந்தார்கள் என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. நீளமாகப் பேசுகிறவரை நிறுத்தச் சொல்லும் வார்த்தை அது என்றே வளர்ந்துவிட்டார்கள்.

போன ஞாயிறு கோயிலில் நல்ல கூட்டம். இப்போது இருக்கிற ஆயர் புதியவர், இந்தக் கதை எதுவும் அவருக்குத் தெரியாது. பிரசங்கம் ஒரு மணி நேரத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. எனக்கும் ஹெலனுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த எங்கள் ஐந்து வயது மகள் பெஞ்சின் மேல் ஏறி நின்றாள். நான் பிடித்து இழுப்பதற்குள், தெளிவான குரலில் மேடையைப் பார்த்துச் சொல்லிவிட்டாள்.

"வந்துட்டாங்க, முடிச்சுக்கங்க."

சபை குலுங்கியது. ஆயர் பேச்சை நிறுத்திவிட்டு வாசலைப் பார்த்தார். யாரும் வரவில்லை. இருந்தாலும் முடித்துக்கொண்டார்.